கல்யாணியின் நான்கு வெள்ளைக் கால்கள்

எங்கள் குதிரைக்கு முன்னங்கால் இரண்டிலும் கணுக்காலுக்கு ஒரு சாண் மேல் வரை வெள்ளை. பின்னங்காலில் இடது பக்கமும் அதே அளவுதான். வலது பக்கம் மட்டும் முட்டி வரை ஏறிப் போயிருக்கும், ஒரு காலுறையை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒரு வெள்ளைப் பட்டை. மிச்சமெல்லாம் செம்பழுப்பு. நாலு காலும் முகமும் வெள்ளையாக இருக்கிற குதிரைக்குப் பஞ்சகல்யாணி என்று பெயர்; ராசியான குதிரை என்பார்கள். கலியாண வீட்டுக்கும் ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விடலாம் என்று தம்பி நுவரெலியாவுக்குப் போய் அவளை வாங்கி வந்ததற்கு அந்த ராசிதான் பாதிக் காரணம். பெயருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணி.

ஏரிக்கரையில் சுற்றுலா வந்த பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தவள். அங்கே கால் பட்டது புல்லிலும் தார் றோட்டிலும். இங்கே யாழ்ப்பாணத்து நீர்வேலி. வாழைத்தோட்டமும் செம்மண்ணும்தான் எங்கள் ஊர். வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு இந்த ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடியவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரும்புத் துருவில் இருக்கிற அதே சாமான்தான் அதற்குச் சிவப்பைக் கொடுக்கிறது. துணியில் ஏறினால் இறங்காது. குதிரை மயிரிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரிய ஒரு வருசம் பிடித்தது.

இரண்டு வருசத்துக்கு முன், தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாட்டுவண்டிச் சவாரி, அதாவது வண்டிப் பந்தயம். சந்தியிலிருந்து சவாரித் திடல் வரை விருந்தினரை மேளதாளத்தோடு கூட்டிப் போகும்போது முன்னால் ஒரு குதிரை நடந்தால் எடுப்பாக இருக்கும் என்று விழாக்காரர் கேட்டார்கள். தம்பி முற்பணமும் வாங்கிவிட்டான். வியாழக்கிழமை பின்னேரம்தான் நான் குனிந்து கால்களைப் பார்த்தேன். குளம்பைச் சுற்றிச் செம்மண். அதற்கு மேலே மூத்திரம் பட்டுப் பட்டு ஊறிய மஞ்சள். வலது முட்டியில், லத்திக்கு மேலேயே படுத்தெழும்பியதால் ஒரு பச்சை வட்டம். வெள்ளை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அரை மணித்தியாலம் தேய்த்த பிறகு சிவப்பு, ரோசா நிறமாக மாறியது, அவ்வளவுதான். அப்புறம் செய்த வேலையை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. உடுப்பு வெளுக்கிற குளோரின் திரவத்தைத் தண்ணீரில் கலந்து துணியால் ஒற்றினேன். குளோரின் பல கறைகளை வெளுக்கும், துருவை வெளுக்காது. செம்மண் அப்படியே இருந்தது. மறுநாள் காலை கால் வீங்கி, மயிருக்குள்ளே தோல் தக்காளிப்பழம் போலச் சிவந்திருந்தது. தொட்டால் காலைத் தூக்கி உதறினாள். தம்பி முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மிருக வைத்தியர் வந்து பார்த்தார். குளோரின் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கணுக்காலின் பின்பக்கத்து நீண்ட மயிரை விரலால் பிரித்து, "இதைப் பார்த்தீர்களா?" என்றார். அரிசி ஒட்டியதுபோல் சின்னச் சின்னப் பொருக்குகள். அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்தது புண்ணை.

விசயம் இதுதான். வெள்ளை மயிருக்குக் கீழே குதிரையின் தோல் ரோசா நிறம். அந்த இடத்தில் தோலுக்குக் கருமை இல்லை. மற்ற இடத்துத் தோலை விட வெயிலுக்குச் சீக்கிரம் எரியும். மாரியில் மாதக் கணக்காக ஈரத்தில் நின்றால் தோல் ஊறி மெலிந்துவிடும். சின்னக் கீறல் ஒன்று போதும், டெர்மடோபிலஸ் என்கிற பக்டீரியா உள்ளே போய்ப் பொருக்குப் புண் ஆக்கிவிடும். எங்கள் தோட்டக்காரருக்குக் கால் விரலிடுக்கில் வருகிற சேற்றுப்புண் பூஞ்சணத்தால் வருவது. இது வேறு, ஆனால் ஈரம்தான் இரண்டுக்கும் வாசல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. தையில் விழா. அதாவது, கால் மிகக் கெட்டுப்போய் இருக்கிற மாதத்தில்தான் அது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஊர் கேட்கிறது.

மருந்து பெரிய செலவில்லை. அந்த இடத்து மயிரை ஒட்ட வெட்டி, குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினி கலந்த தண்ணீரால் நனைத்துப் பத்து நிமிசம் விட்டு, ஊறித் தானாகக் கழன்று வருகிற பொருக்கை மட்டும் எடுத்து, கழுவித் துடைத்து, நன்றாக உலர வைக்கச் சொன்னார். ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்க்கக் கூடாது. அயடின் மருந்தும் கேட்கும், ஆனால் வெள்ளை மயிரில் மண்ணிறக் கறை விடும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்று கிழமையில் புண் ஆறியது.

அடுத்த மாரி வருவதற்குள் நான் கையை வைத்தது கால்களில் இல்லை, கொட்டிலில். தரை முற்றத்தை விடத் தாழ்ந்திருந்தது. மழைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து தங்கும். ஒரு லோட் மக்கிச் சரளை பறித்து உயர்த்தி, மேலே றப்பர் விரிப்புப் போட்டு, மரக்காலையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து பரப்பினேன். வைக்கோலும் போட்டுப் பார்த்தேன். படுக்கையைத் தின்கிற குதிரைக்கு வைக்கோல் சரிவராது. லத்தியை ஒரு நாளைக்கு மூன்று தரம் அள்ளுகிறோம், கடைசித் தரம் இரவு ஒன்பதரைக்கு. அந்தக் கடைசித் தரத்தைத் தொடங்கிய பிறகு முட்டியின் பச்சை வட்டம் காணாமல் போனது. வாங்கின சாமான் எல்லாவற்றையும் விட அந்த இரவு மண்வெட்டிதான் எனக்கு உழைத்தது.

இன்னொரு இடம் படலையடி, வளவு வாசல். சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே வந்து நின்று மிதித்து மிதித்துச் சேறாக்கி வைத்திருப்பாள். அங்கேயும் மக்கி. கொட்டிலையும் படலையையும் நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம், எல்லோரும் என்னிடம் கேட்பது எந்த ஷாம்பு என்றுதான்.

சரி, ஷாம்புக்கு வருவோம். அதற்கு முதல் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. நுரை வராத தண்ணீரில் தலை முழுகி வளர்ந்த நமக்கு அது பழகிவிட்டது. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்து ஒரு பிசுக்காகும். வாளி ஓரத்தில் சாம்பல் வளையமாகப் படிகிறதே, அதுதான். மயிரிலும் அதே பிசுக்குப் படியும், அதில் அடுத்த நாள் புழுதி வந்து ஒட்டும். கழுவக் கழுவக் குதிரை ஏன் மங்குகிறது என்று நான் குழம்பியதற்கு விடை அந்த வளையம். இப்போது சவர்க்காரக் கட்டியே இல்லை, ஷாம்பு மட்டும். அதற்குக் கடினத் தண்ணீரில் பிசுக்கு வராது. கடைசியாக ஒரு வாளி தண்ணீருக்கு அரைக் கோப்பை வினாகிரி கலந்து ஊற்றிவிட்டு, மேலே நல்ல தண்ணீரால் அலசுவேன். பழைய பிசுக்கு கரைந்து மயிர் விரலுக்குள் வழுக்கும். மழை பெய்தால் தகரக் கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாவில் பிடித்து வைப்பதும் உண்டு. அது கிடைத்தால் வினாகிரி தேவையில்லை.

பக்கத்து வளவுப் பெரியையாவை இங்கே கூட்டி வரவேண்டும். எழுபத்தாறு வயது, வெள்ளை வடக்கன் மாடு ஒரு சோடி, வாழ்நாள் முழுக்கச் சவாரி. நான் குதிரையின் காலோடு மல்லுக்கட்டுவதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"உதென்ன மோனை, குதிரைக்குச் சீமந்து பூசுறியோ?"

"ஊத்தை போகுதில்லைப் பெரியையா."

"ஈரமா இருக்கேக்கை தேய்ச்சால் எப்பிடிப் போகும்? காய விடு. காய்ஞ்சால் அது தானா உதிரும்."

அந்த ஒரு வசனத்துக்கு நான் ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பேன். செம்மண் களி மிக நுண்ணியது. ஈரத்தில் தேய்த்தால் மயிரின் அடி வரை நாமே அதை ஏற்றி விடுகிறோம். முதலில் முழுக்கக் காய விட்டு, தேங்காய்த் தும்புக் கட்டால் மயிர் போகிற பக்கத்துக்கே தட்டித் தட்டி இழுத்தால் முக்கால்வாசி தூளாகக் கொட்டுகிறது. அதற்குப் பிறகுதான் தண்ணீர். காலைக் கழுவி விட்டு ஈரமாக விட்டுப் போகாமல் பழைய துவாயால் ஒற்றித் துடைப்பதும் அவர் சொல்லித் தந்ததுதான். மாட்டுக்கு அவர் அப்படித்தான் செய்வார்.

அவருடைய எல்லா யோசனையும் எடுபடவில்லை. 1990க்குப் பிறகு யுத்த காலப் பொருள் தடையில் சவர்க்காரம் தட்டுப்பட்ட காலத்தில் ஊரே பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்ததை நினைவுபடுத்தி, குதிரைக்கும் அதைப் போடு என்றார். அந்தச் சேலைகளைக் கொடியில் காயப்போட்டால் மணத்துக்கு மாடு வந்து சப்பிவிடும் என்பதையும் அவரே சொன்னார். நல்ல காலம், தையில் பனம்பழம் இல்லை. தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, பாதியாக வெட்டித் தேய்க்கச் சொன்னதையும் நான் செய்யவில்லை. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் மனுசருக்கே கொப்பளிக்கும். ரோசாத் தோலில் அதை வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. குளோரினோடு என் துணிச்சல் தீர்ந்துவிட்டது.

ஆனால் நீலம் அவருடைய யோசனைதான். வேட்டி சட்டைக்குப் போடுகிற அதே தூள் நீலம். மஞ்சளுக்கு மேலே மெல்லிய நீலம் படிந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், வேறு மாயமில்லை. கனடாவில் இருக்கிற மச்சாள் இதற்கென்றே விற்கிற ஊதா ஷாம்பு ஒரு போத்தல் கொடுத்துவிட்டாள். நரைத்த தலை மஞ்சளாகாமல் இருக்கவும் அங்கே அதைத்தான் போடுகிறார்களாம். நல்ல சாமான். நுரையை ஐந்து நிமிசம் காலில் விட்டு அலசினால் போதும். ஆனால் ஒரு போத்தல் எத்தனை நாளைக்கு? நீலம் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது.

நீலத்தில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். தூளை நேரே வாளியில் போட்டுக் கலக்கினேன். அது தண்ணீரில் கரைகிற சாமான் இல்லை, அடியில் மண்டியாகத் தங்கும். கடைசித் தண்ணீரை வலது பின்னங்காலில் ஊற்றியபோது அந்த மண்டி முழுக்க அங்கே போய் இறங்கியது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, கல்யாணி ஜீன்ஸ் போட்டிருக்கிறாள்" என்றாள். ஒழுங்கை முழுக்க வந்து பார்த்தது. வினாகிரித் தண்ணீர் விட்டபோது நீலம் கொஞ்சம் வெளிறியது. புளிப்புக்கு அந்த நீலம் நிற்காது. அதிலிருந்து வரிசையும் பிடிபட்டது. வினாகிரி முதலில், அதை முழுக்க அலசிய பிறகு நீலம். மாற்றிச் செய்தால் இரண்டும் வீண். நீலத்தை மெல்லிய துணியில் முடிந்து வாளித் தண்ணீரில் அலைய விட வேண்டும். உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஜீன்ஸ் முழுக்கப் போக ஐந்து நாள் எடுத்தது. நல்ல வேளை, விழாவுக்கு இரண்டு கிழமை இருந்தது. எந்தப் புதுச் சாமானையும் விழாவுக்கு முதல் நாள் குதிரையில் போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

கழுவும்போது எப்படி நிற்பது என்பதும் ஒரு பாடம். நான் முதலில் முழங்கால் போட்டு வசதியாக இருந்துதான் கழுவினேன். ஒரு நாள் வயிற்றில் ஈ இருந்து அவள் காலை வீச, என் காதுப் பக்கத்தால் காற்று போனது. அதற்குப் பிறகு குந்தித்தான் இருப்பேன், எழும்பிப் பாய ஆயத்தமாக, காலுக்குப் பக்கவாட்டில். நேர் பின்னால் ஒருபோதும் இல்லை. ஒரு கை எப்போதும் அவளில் தொட்டுக்கொண்டே இருக்கும். கட்டுகிற கயிறும் ஒரே இழுவையில் அவிழ்கிற முடிச்சுத்தான்.

போன வருசத்துக்கு வருகிறேன். அதே சவாரி, அதே விழாக்காரர், பெரிய மனசு. இந்த முறை பத்து நாளுக்கு முதலே கணுக்கால் மயிரின் நுனியைக் கத்தரியால் சீராக்கினேன். ஒட்ட வெட்டவில்லை, தண்ணீர் வடிந்து சொட்டுவதற்கு அந்த மயிர் கொஞ்சம் வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பின்னேரம் அல்ல, காலை, வெயிலில் காய நேரம் இருக்கும்படி கழுவல். தும்புக் கட்டு, ஷாம்பு, பத்து நிமிசம் ஊறல், அலசல், வினாகிரி, அலசல், நீலம், துவாய். நாலு காலுக்கும் ஒன்றரை மணித்தியாலம். அதிகமாகத் தேய்த்தது வலது முட்டியில் மட்டும்.

இரவு எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அடுத்த தலையிடி. கழுவின குதிரை முதலில் செய்கிற வேலை படுத்து உருள்வது. காலுக்குப் பஞ்சு வைத்துப் பட்டி சுற்றுகிற முறை இருக்கிறது, ஆனால் இறுக்கம் பிசகினால் காலின் பின்பக்கத் தசைநாணில் காயம் வரும். சரியாகப் பழகாமல் அதில் கை வைக்கக் கூடாது. நான் உதைபந்தாட்டக்காரர் போடுகிற நீண்ட காலுறை நாலு வாங்கி, பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, குளம்புக்கு மேலால் ஏற்றி விட்டேன். இழுபடுகிற துணி, இறுக்காது, விழாது. காலுறை போட்ட குதிரையைப் பார்க்கத் தம்பி அன்றைக்கு இரண்டு தரம் சிரித்தான். ஒரு வருசத்துக்குப் பிறகு அவனுடைய சிரிப்பை நான் கேட்கிறேன்.

ஞாயிறு விடிய நாலரைக்குக் காலுறையைக் கழற்றினேன். மூன்று கால் பால். வலது முட்டியில் ஒரு விரல் அளவு பச்சை, காலுறைக்கு மேலால் எட்டிப் பார்த்த இடத்தில். அதை மட்டும் ஈரத்துணியால் எடுத்து, ஈரம் காயுமுன் சோள மாவைத் தூவிப் பத்து நிமிசம் விட்டு, மெல்லிய பிரஷால் தட்டினேன். மா ஈரத்தையும் மிச்ச நிறத்தையும் எடுத்துக்கொண்டு உதிர்ந்தது. மகளின் பவுடரும் இதைச் செய்யும், ஆனால் அந்த மணத்துக்குக் கல்யாணி தும்முவாள்.

குளம்புக்கு எண்ணெய் பூசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பூசினால் கறுப்பாக மினுங்கும், படத்துக்கு நன்றாக இருக்கும். செம்மண் ஒழுங்கையில் நூறு யார் தூரம் நடந்தால் அந்த எண்ணெயில் புழுதி அப்பி, குளம்பு செங்கல் மாதிரி ஆகிவிடும். நாங்கள் பூசுவதே இல்லை. பூசத்தான் வேண்டும் என்றால் இடத்துக்குப் போய், கடைசி வேலையாக.

ஒழுங்கையால் நடத்திக் கொண்டுபோகாமல் சின்ன லொறியில் ஏற்றிச் சந்தியில் இறக்கினோம். இரண்டு கான் தண்ணீர், துவாய், பிரஷ், ஒரு பக்கெற் சோள மா எல்லாம் கூட வந்தன. மேளம் தொடங்கியது. கல்யாணி மேளத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. தவில்காரருக்குப் பக்கத்தில் காதை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாள். தார் றோட்டில் அந்த நாலு காலும் மாறி மாறிப் போனதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். விருந்தினரையோ மாலையையோ எனக்கு நினைவில்லை.

திடலில் பெரியையா தன் சோடியை அவிழ்த்துவிட்டு நின்றார். எங்களைக் கண்டதும் துவரந்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை எப்படி என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மெல்லக் குந்தி, முன்னங்காலின் பின்பக்கத்து மயிரை எதிர்ப்பக்கமாகப் பெருவிரலால் தள்ளி, உள்ளே இருந்த ரோசாத் தோலைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு மற்றக் கால். பிறகு பின்னங்கால் இரண்டும்.

"புண் ஒண்டுமில்லை," என்றார். எழும்ப என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மோனை, நாளைக்கு எங்கடை பக்கம் ஒருக்கா வா. அந்த நீலத்தை எவ்வளவு போட்டனி எண்டு என்ரை மாட்டுக்கும் கலந்து காட்டு."